1943: ஐயோவா கடற்படைப் பள்ளியின் கால்பந்துப் பருவத்தை எப்படி மதிப்பிடுவது?

வைகைக்கரை எழுதியது:

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்கப் படைத்தளங்கள் நடத்திய கால்பந்து அணிகளைப் பற்றிச் சில காலமாகப் படித்து வருகிறேன். இங்கே கால்பந்து என்று நான் சொல்வது, முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் ஆடுகிற அமெரிக்கக் கால்பந்தை. அந்த அணிகளில் என்னை மிகவும் ஈர்த்தது, ஐயோவா சிட்டியில் இருந்த கடற்படை விமானிகளுக்கான முன்பயிற்சிப் பள்ளியின் அணி. சீஹாக்ஸ் என்பது அதன் பெயர். 1943-ஆம் ஆண்டுப் பருவத்தில் அது பத்து ஆட்டங்களில் ஒன்பதில் வென்றது. தோற்ற ஒரே ஆட்டத்தையும் ஒரே ஒரு புள்ளியில்தான் இழந்தது. அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் விளையாட்டு எழுத்தாளர்களிடம் நடத்திய வாக்கெடுப்பின் இறுதிப் பட்டியலில், நாட்டின் புகழ்பெற்ற பல்கலைக்கழகங்களை எல்லாம் பின்தள்ளி, இரண்டாம் இடத்தைப் பெற்றது.

பள்ளியின் பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1942-ல் அமெரிக்கக் கடற்படை, விமானம் ஓட்டக் கற்றுக்கொள்ள வரும் இளைஞர்களை முதலில் உடலாலும் மனத்தாலும் தயார்ப்படுத்துவதற்காக ஐயோவா சிட்டி, வட கரோலினாவின் சேப்பல் ஹில், ஜார்ஜியாவின் ஏதென்ஸ், கலிஃபோர்னியாவின் செயின்ட் மேரீஸ் ஆகிய நான்கு கல்லூரி வளாகங்களில் பள்ளிகளைத் தொடங்கியது. மாணவர் ஒருவர் அங்கே ஏறத்தாழ மூன்று மாதம் இருப்பார். வான்வழி செலுத்துகை, வானிலை, எதிரி விமானங்களை அடையாளம் காணுதல் போன்ற பாடங்களும், அவற்றுக்குச் சமமான நேரத்துக்குக் கடும் உடற்பயிற்சியும் நடக்கும். முடித்தவர் பறக்கும் பயிற்சிக்கு அனுப்பப்படுவார். பின்னாளில் விண்வெளி வீரரான ஜான் கிளென் ஐயோவா பள்ளியில் பயின்றவர். பின்னாளில் அதிபரான ஜெரால்ட் ஃபோர்ட் சேப்பல் ஹில் பள்ளியில் பயிற்றுநராக இருந்தவர்.

ஒரு மாணவர் மூன்று மாதத்தில் புறப்பட்டுவிடுவார் என்றால், செப்டம்பரில் தொடங்கி நவம்பர் இறுதிவரை நீளும் ஒரு கால்பந்துப் பருவத்தை அந்தப் பள்ளி எப்படி ஆடி முடித்தது என்ற கேள்வி எழுகிறது. இதற்கு விடை தேடும்போதுதான், இப்படிப்பட்ட அணியின் பருவத்தை வெற்றி தோல்விக் கணக்கால் மட்டும் அளக்க முடியாது என்று எனக்குத் தோன்றியது. இந்த அணிகள் எதிரணிகளோடு ஆடியதைவிட அதிகமாக மாறுதல் உத்தரவுகளோடு ஆடின. பயிற்சியாளர் உட்பட எவருக்கு எப்போது உத்தரவு வரும் என்பது எவருக்கும் தெரியாது. ஐயோவா அணிக்கு 1942, 1943, 1944 ஆகிய மூன்று பருவங்களில் பெர்னி பியர்மன், டான் ஃபாரட், ஜேக் மேகர் என்று மூன்று தலைமைப் பயிற்சியாளர்கள் இருந்தார்கள். மூவருமே பெயர் பெற்றவர்கள், மூவருமே சீருடை அணிந்து பணியாற்றியவர்கள்.

நண்பர்கள் முன் நான் வைக்கும் கேள்வி இதுதான்: இந்த அணியின் 9–1 என்ற பதிவை, அதே ஆண்டின் நோட்ர டேம், மிச்சிகன், பர்டூ போன்ற பல்கலைக்கழக அணிகளின் பதிவுகளோடு ஒரே தட்டில் வைத்து எண்ணலாமா?

கீழவாசல் எழுதியது:

நல்ல கேள்வி, வைகைக்கரை ஐயா. என் விடை, கூடாது என்பதுதான். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

படைத்தள அணிகளுக்குக் கல்லூரி விளையாட்டின் தகுதி விதிகள் பொருந்தவில்லை. படிப்பை முடித்தவரும் ஆடலாம், தொழில்முறை லீகில் ஊதியம் வாங்கி ஆடியவரும் ஆடலாம். 1943 சீஹாக்ஸ் அணியில் வாஷிங்டன் தொழில்முறை அணியின் டிக் டாட் இருந்தார், சிகாகோ கார்டினல்ஸ் அணியின் வின்ஸ் பனோனிஸ் நடுக்காவலராக இருந்தார், புரூக்ளினில் ஆடிய பெரி ஷ்வார்ட்ஸ் இருந்தார். இவர்கள் முழு வளர்ச்சி பெற்ற, பல ஆண்டு அனுபவமுள்ள ஆட்டக்காரர்கள். எதிரே நின்ற கல்லூரி அணிகளிலோ, படையில் சேரும் வயது வராத பதினேழு வயதுப் பையன்களும், மருத்துவப் பரிசோதனையில் தேறாதவர்களும் இருந்தார்கள். 1942-ல் தேசிய சாம்பியனாக இருந்த ஒஹாயோ ஸ்டேட் அணியை 1943-ல் சீஹாக்ஸ் 28–13 என்று வென்றது உண்மை. ஆனால் அது முந்தைய ஆண்டின் ஒஹாயோ ஸ்டேட் அல்ல; பெரும்பாலானவர்கள் படைக்குப் போய்விட, பால் பிரவுன் என்ற மாபெரும் பயிற்சியாளர் பையன்களை வைத்துக்கொண்டு போராடிய ஆண்டு அது. ஐயோவா பல்கலைக்கழக அணியையும் இவர்கள் 25–0 என்று வென்றார்கள். அந்தப் பல்கலைக்கழகத்தின் வளாகத்தில் தங்கி, அதன் மைதானத்திலேயே ஆடி, அதன் அணியையே வெல்வது எப்படிப்பட்ட போட்டி என்பதை நண்பர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆகவே இவை சமமற்றவர்களுக்கு இடையே நடந்த ஆட்டங்கள். போர் முயற்சிக்கு உதவிய காட்சி ஆட்டங்களாக இவற்றை மதிக்கலாம். தர வரிசையில் ஏற்றியது எழுத்தாளர்கள் செய்த தவறு.

ஆட்டக்களம் எழுதியது:

கீழவாசல் அவர்களின் வாதத்தில் பாதியை ஏற்கிறேன். மறுபாதியை ஏற்க முடியாததற்குக் காரணம், 1943-ல் கல்லூரி அணி என்று நாம் அழைப்பவையும் பெரும்பாலும் கடற்படையின் அணிகளாகவே இருந்தன என்பதுதான்.

1943 ஜூலையில் கடற்படை வி-12 என்ற திட்டத்தைத் தொடங்கியது. வருங்கால அதிகாரிகளைப் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பி, அரசுச் செலவில் படிக்க வைத்த திட்டம் அது. அதில் சேர்ந்தவர்கள் அந்தந்தப் பல்கலைக்கழக அணியில் ஆடுவதற்குக் கடற்படை அனுமதி அளித்தது. தரைப்படையோ, கல்லூரிகளில் தான் படிக்க வைத்த பயிற்சி மாணவர்களுக்குப் பாடச்சுமை அதிகம் என்று கூறி அந்த அனுமதியை மறுத்துவிட்டது. இந்த ஒரு வேறுபாடு அந்த ஆண்டின் கால்பந்தையே தலைகீழாக்கியது. கடற்படைப் பயிற்சி நடந்த வளாகங்களுக்கு ஆட்கள் குவிந்தார்கள். ஆட்கள் கிடைக்காத அலபாமா, டென்னசி, ஃபுளோரிடா, கென்டக்கி போன்ற பல்கலைக்கழகங்கள் அந்த ஆண்டு அணியையே களமிறக்கவில்லை.

எவர் எங்கே போனார் என்று பார்த்தால் இன்னும் தெளிவாகும். விஸ்கான்சினின் நட்சத்திரமான எல்ராய் ஹிர்ஷும், மினசோட்டாவின் பில் டேலியும் 1943-ல் மிச்சிகனுக்காக ஆடினார்கள். இல்லினாயின் டோனி பட்கோவிச்சும் அலெக்ஸ் அகேஸியும் பர்டூவுக்காக ஆடினார்கள். முந்தைய ஆண்டு வரை மினசோட்டாவுக்காக ஓடிய டேலியை வைத்துக்கொண்டு மிச்சிகன் மினசோட்டாவை 49–6 என்று வென்றது. இவர்களில் எவரும் தாமாக அணி மாறவில்லை. உத்தரவு வந்தது, மூட்டையைக் கட்டினார்கள், போன இடத்தில் ஆடினார்கள்.

மிச்சிகனையும் பர்டூவையும் பல்கலைக்கழக அணிகள் என்று எண்ணி, சீஹாக்ஸை மட்டும் வெளியே நிறுத்துவதற்கு என்ன நியாயம்? தொழில்முறை ஆட்டக்காரர்கள் இருந்தார்கள் என்பது ஒன்றுதான் எஞ்சும் வேறுபாடு. அதை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அந்த ஆண்டு தொழில்முறை லீகே நலிந்து கிடந்தது. பிட்ஸ்பர்க்கும் ஃபிலடெல்ஃபியாவும் ஆள் பற்றாக்குறையால் ஒரே அணியாக இணைந்து ஆடின. கிளீவ்லண்ட் அணி பருவம் முழுவதும் விலகி நின்றது. எல்லா மட்டத்திலும் ஆட்கள் கலைந்து கிடந்த ஆண்டில், ஒரு மட்டத்தை மட்டும் தூய்மையானது என்று கொள்வது பொருந்தாது.

தென்றல் எழுதியது:

நான் ஆட்ட உத்தியின் பக்கத்திலிருந்து எழுதுகிறேன், ஏனெனில் இந்தப் பருவத்தின் மிகப் பெரிய விளைவு புள்ளிப் பட்டியலில் இல்லை.

டான் ஃபாரட் போருக்கு முன் மிசூரி பல்கலைக்கழகத்தின் பயிற்சியாளர். 1941-ல் அவர் அங்கே ஸ்பிளிட்-டி என்ற தாக்குதல் அமைப்பை வகுத்தார். அதைச் சற்று விளக்குகிறேன். வழக்கமான அமைப்பில் முன்வரிசைக் காவலர்கள் தோளோடு தோள் நெருங்கி நிற்பார்கள். ஃபாரட் அவர்களை இடைவெளி விட்டு அகல நிற்க வைத்தார். எதிரணியின் தடுப்பாளர்களும் அதற்கேற்ப விரிந்து நின்றாக வேண்டும். அப்படி விரியும்போது தடுப்பின் நடுவே யாரும் தள்ளாமலேயே சந்துகள் திறந்துவிடும். பந்தைப் பெற்ற குவார்ட்டர்பேக், அதாவது தாக்குதலை வழிநடத்தும் ஆட்டக்காரர், பின்னால் போகாமல், தன் வரிசையை ஒட்டிப் பக்கவாட்டில் ஓடுவார். ஓடும்போதே, அருகில் பாய்ந்து வரும் ஓட்டக்காரரிடம் பந்தைக் கொடுக்கலாம். அல்லது கோடியில் நிற்கும் தடுப்பாளரை நோக்கி ஓடி, அவர் தன்னைப் பிடிக்க வந்தால் வெளிப்பக்கம் ஓடுபவருக்குப் பந்தை வீசலாம். வெளிப்பக்கம் நகர்ந்தால் தானே பந்தோடு உள்ளே நுழையலாம். அந்தத் தடுப்பாளரை எவரும் முட்டித் தள்ளத் தேவையில்லை; அவர் எதைச் செய்தாலும் அது தவறாகவே முடியும். கூடைப்பந்தில் இருவர் ஒரே தடுப்பாளரை நோக்கிப் பாய்ந்து வரும்போது அவர் திகைப்பாரே, அதிலிருந்துதான் ஃபாரட்டுக்கு இந்த எண்ணம் பிறந்தது.

1943-ல் அவர் ஐயோவா பள்ளிக்கு வந்தபோது, அவருக்குக் கீழே உதவிப் பயிற்சியாளர்களாகப் பட் வில்கின்சனும் ஜிம் டேட்டமும் அமர்த்தப்பட்டார்கள். அந்த ஒரே பருவத்தில் இருவரும் ஸ்பிளிட்-டியை அவரிடமிருந்து நேரடியாகக் கற்றார்கள். போர் முடிந்ததும் 1946-ல் டேட்டம் ஓக்லஹோமாவின் பயிற்சியாளர் ஆனார், அடுத்த ஆண்டு வில்கின்சன் அவருக்குப் பின் பொறுப்பேற்றார். 1953 முதல் 1957 வரை வில்கின்சனின் ஓக்லஹோமா தொடர்ந்து 47 ஆட்டங்களில் வென்றது. கல்லூரிக் கால்பந்தின் உயர்மட்டத்தில் அந்தத் தொடரை இன்றுவரை எவரும் முறியடிக்கவில்லை. 1954 புத்தாண்டு நாளில் நடந்த ஆரஞ்சு பவுல் ஆட்டத்தில் வில்கின்சனின் ஓக்லஹோமாவும் டேட்டமின் மேரிலண்டும் மோதின. இரு பக்கமும் ஃபாரட்டின் அமைப்பையே ஆடின. ஓக்லஹோமா 7–0 என்று வென்றது.

போர் இல்லாவிட்டால் மிசூரியின் பயிற்சியாளர் தன் அமைப்பின் நுணுக்கங்களை வேற்று ஊர்ப் பயிற்சியாளர்களுக்கு மனமாரச் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார். சீருடை அணிந்து ஒரே தளத்தில் பணியாற்றியதால்தான் அது நடந்தது. அந்த அறிவின் முதல் விலையைக் கொடுத்ததும் மிசூரிதான். 1943 பருவத்தில் சீஹாக்ஸ் மிசூரியை 21–6 என்று வென்றது. தான் வளர்த்த அணியை, தான் வகுத்த உத்தியைக் கொண்டு ஃபாரட் தோற்கடித்த ஆட்டம் அது. அதற்கு முந்தைய ஆண்டு பெர்னி பியர்மனுக்கும் இதே நிலைதான் வாய்த்தது: 1940, 1941 ஆகிய இரண்டு ஆண்டுகளில் தேசிய சாம்பியனாக்கிய தன் மினசோட்டாவை அவர் சீஹாக்ஸ் அணியோடு போய் 7–6 என்று வென்றார்.

பழைய ஏடு எழுதியது:

நோட்ர டேம் ஆட்டத்தைப் பற்றி எவரும் விரிவாகச் சொல்லவில்லை. அதைச் சொல்லாமல் இந்தப் பருவத்தைப் பேச முடியாது.

1943 நவம்பர் 20. இண்டியானா மாநிலத்தின் சவுத் பெண்ட் நகரில், பட்டியலின் முதல் இடத்தில் இருந்த நோட்ர டேமும் இரண்டாம் இடத்தில் இருந்த சீஹாக்ஸும் மோதின. நோட்ர டேம் 14, சீஹாக்ஸ் 13. இரு அணிகளும் இரண்டு டச்டவுன்கள் எடுத்தன. எதிரணியின் எல்லைக் கோட்டுக்கு அப்பால் பந்தைக் கொண்டுபோவதே டச்டவுன், அதற்கு ஆறு புள்ளி. ஒவ்வொரு டச்டவுனுக்குப் பின்பும் பந்தை உதைத்து ஒரு கூடுதல் புள்ளி பெறலாம். நோட்ர டேம் இரண்டையும் பெற்றது, சீஹாக்ஸ் ஒன்றைத் தவறவிட்டது. பத்து ஆட்டங்கள் கொண்ட ஒரு பருவத்தில் முதல் இடத்துக்கும் இரண்டாம் இடத்துக்கும் இடையே நின்றது அந்த ஓர் உதை.

அன்று நோட்ர டேம் எந்த நிலையில் ஆடியது என்பதையும் பார்க்க வேண்டும். அவர்களுடைய குவார்ட்டர்பேக் ஏஞ்சலோ பெர்டெல்லி அந்தப் பருவத்தின் முதல் ஆறு ஆட்டங்களில் மட்டுமே ஆடினார். அக்டோபர் இறுதியில் கடற்படைக் கல்விக்கழக அணியை 33–6 என்று வென்ற கையோடு மரீன் படையின் உத்தரவு வந்து, பாரிஸ் ஐலண்ட் பயிற்சி முகாமுக்குப் போய்விட்டார். பருவத்தின் சிறந்த வீரருக்கான ஹெய்ஸ்மன் கோப்பை அவருக்கு வழங்கப்பட்டபோது அவர் முகாமில் இருந்தார். பின்னர் இவோ ஜீமாவில் போரிட்டுக் காயம் அடைந்தார். அவர் இடத்துக்கு வந்தவர் ஜானி லூஜாக் என்ற இளைஞர். பின்வரிசையில் கிரைட்டன் மில்லர் இருந்தார். இரத்த அழுத்தம் காரணமாகப் படையிலிருந்து விடுவிக்கப்பட்டதால் மட்டுமே அவர் கல்லூரியில் இருந்தார், அந்த ஆண்டு நாட்டிலேயே அதிக தூரம் ஓடியவரும் அவரே.

சீஹாக்ஸை ஒரு புள்ளியில் வென்ற அந்த நோட்ர டேம், அடுத்த வாரமே, நவம்பர் 27 அன்று, சிகாகோவுக்கு வடக்கே உள்ள கிரேட் லேக்ஸ் கடற்படைப் பயிற்சி நிலையத்துக்குப் போய் அங்கிருந்த அணியிடம் தோற்றது. அந்த அணியின் பயிற்சியாளர் டோனி ஹிங்கிள். பட்லர் பல்கலைக்கழகத்தில் கூடைப்பந்துப் பயிற்சியாளராகப் பெயர் பெற்றவர். பார்வையாளர்கள் 20,000-க்கும் மேற்பட்ட மாலுமிகள். ஆட்டம் முடியும் தறுவாயில் நோட்ர டேம் நெடுந்தூரம் பந்தைக் கொண்டுவந்து மில்லர் வழியாக டச்டவுன் எடுத்து 14–12 என்று முன்னிலை பெற்றது. கடிகாரத்தில் ஒரு நிமிடம் அளவே எஞ்சியிருந்தது. அந்த நிமிடத்துக்குள் ஸ்டீவ் லாக் ஓடியபடியே எறிந்த பந்தைப் பால் ஆண்டர்சன் பிடித்துக் கோட்டைக் கடந்தார்; 46 கஜ டச்டவுன். இறுதிக் கணக்கு 19–14. அன்று மைதானத்தில் ஆரவாரித்த மாலுமிகளில் மிகப் பலர் சில வாரங்களில் கப்பல் ஏறவேண்டியவர்கள். அந்த ஆட்டத்தைக் காட்சி ஆட்டம் என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

கீழவாசல் எழுதியது:

பழைய ஏடு அவர்கள் சொன்ன அந்த ஆட்டமே என் வாதத்துக்கு வலுச் சேர்க்கிறது என்று நினைக்கிறேன். கிரேட் லேக்ஸ் நோட்ர டேமை வென்றது. பர்டூ அந்தக் கிரேட் லேக்ஸை அதே பருவத்தில் 23–13 என்று வென்றிருந்தது. பர்டூ ஆடிய ஒன்பது ஆட்டங்களிலும் வெற்றி. இறுதிப் பட்டியலிலோ நோட்ர டேம் முதலிடம், சீஹாக்ஸ் இரண்டாமிடம், ஒரு தோல்வியும் காணாத பர்டூ ஐந்தாமிடம், கிரேட் லேக்ஸ் ஆறாமிடம். அளவுகோலே இல்லாத இடத்தில் தரவரிசை எழுதினால் இப்படித்தான் முடியும்.

ஆட்டக்களம் எழுதியது:

பர்டூவுக்கு அநீதி நடந்தது என்பதில் உங்களோடு உடன்படுகிறேன். நோட்ர டேமின் முதலிடத்தை மட்டும் நான் ஆதரிப்பேன். அவர்கள் அந்தப் பட்டியலில் இரண்டாம், மூன்றாம், நான்காம் இடம் பெற்ற மூன்று அணிகளையும் வென்றவர்கள்: சீஹாக்ஸை 14–13, மிச்சிகனை 35–12, கடற்படைக் கல்விக்கழகத்தை 33–6. இவ்வளவு கடினமான ஆட்ட வரிசையை அந்த ஆண்டு வேறு எந்த அணியும் சந்திக்கவில்லை. எழுத்தாளர்களிடம் அளவுகோல் இருந்தது. எவரை வென்றாய் என்பதே அது. அந்த அளவுகோலில் படைத்தள அணிகளை நீக்கிவிட்டால், நோட்ர டேமின் மிகச் சிறந்த வெற்றியும் அதன் ஒரே தோல்வியும் காணாமல் போகும். அப்படி ஒரு வரலாறு உண்மைக்கு நெருக்கமானதாக இருக்குமா என்பதை நீங்களே சொல்லுங்கள்.

நெய்தல் எழுதியது:

இதுவரை எழுதிய அனைவரும் ஆட்டத்துக்குள் நின்று பேசினார்கள். நான் சற்று வெளியே நின்று இரண்டு செய்திகளைச் சொல்ல வேண்டும்.

முதலாவது, இந்த அணிகள் ஏன் இருந்தன என்பது. கடற்படைக் கல்விக்கழகத்தின் முன்னாள் பயிற்சியாளர் டாம் ஹாமில்டன்தான் விமானிப் பள்ளிகளின் உடற்பயிற்சித் திட்டத்தை வகுத்தவர். களைப்பின் உச்சத்தில் உடனடி முடிவெடுக்கவும், அடி வாங்கிய பிறகு எழுந்து நிற்கவும் கால்பந்தும் குத்துச்சண்டையும் மல்யுத்தமும் பழக்கும் என்பது அவருடைய உறுதியான நம்பிக்கை. பள்ளிக்கு வந்த ஒவ்வொரு மாணவரும் இந்த விளையாட்டுகளில் பயிற்சி பெற்றாக வேண்டும். தரைப்படையின் பார்வை வேறு என்பதை ஆட்டக்களம் அண்ணா ஏற்கெனவே எழுதிவிட்டார். இரு தரப்பிலும் பொறுப்புள்ள அதிகாரிகள் இருந்தார்கள். கால்பந்து ஆடியதால் ஒருவர் சிறந்த விமானியானாரா என்பதை அளந்து காட்டுவது எளிதல்ல. ஆயினும் பள்ளியின் பெயரைச் சுமந்த முதன்மை அணியில் மாணவர்களோடு அதிகாரிகளும் அனுபவம் மிக்க ஆட்டக்காரர்களும் நிறைந்திருந்ததைப் பார்க்கும்போது, பயிற்சி என்ற நோக்கத்தோடு தளத்தின் பெருமை என்ற நோக்கமும் சேர்ந்துகொண்டது என்றே கருதுகிறேன். வைகைக்கரை ஐயா கேட்ட கேள்விக்கும் இதில் விடை இருக்கிறது: மூன்று மாதத்தில் மாணவர்கள் போய்விட்டாலும், பயிற்றுநர்களாக இருந்த அதிகாரிகள் ஓரளவு தங்கினார்கள், அணியின் முதுகெலும்பு அவர்களே.

இரண்டாவது, எவருக்கு இந்த மைதானம் திறந்திருந்தது என்பது. 1943-ல் கடற்படையின் விமானிப் பயிற்சி, நடைமுறையில் வெள்ளையர்களுக்கு உரியதாக இருந்தது. முறையான கடற்படைப் பயிற்சியை முடித்து விமானியான முதல் கறுப்பினத்தவர் ஜெஸ்ஸி பிரவுன். அது நடந்தது 1948-ல், போர் முடிந்து மூன்று ஆண்டுகள் கழித்து. கிரேட் லேக்ஸ் நிலையத்தில் கறுப்பின மாலுமிகள் கேம்ப் ராபர்ட் ஸ்மால்ஸ் என்ற தனி முகாமில் பயிற்சி பெற்றார்கள். அதே கிரேட் லேக்ஸில் 1945-ல், அப்போது அங்கே பயிற்சியாளராக இருந்த பால் பிரவுன், மேரியன் மாட்லி என்ற கறுப்பின வீரரை அணியில் சேர்த்தார். அந்த அணி நோட்ர டேமை 39–7 என்று வென்றது. போருக்குப் பின் பிரவுன் தொடங்கிய கிளீவ்லண்ட் தொழில்முறை அணிக்கும் மாட்லி சென்றார். அந்த விளையாட்டில் நிறத்தடையை உடைத்த முதல்வர்களில் அவரும் ஒருவர். 1943-ஆம் ஆண்டின் நாட்டிலேயே சிறந்த அணிகள் எவை என்று பேசும்போது, அந்த அணிகளில் சேரும் வாய்ப்பே மறுக்கப்பட்டவர்களையும் நாம் சேர்த்து எண்ண வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

தென்றல் எழுதியது:

நெய்தல் சொன்ன இரண்டாவது செய்தியை நானே எழுதியிருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். தங்கை சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். வில்கின்சன் ஓக்லஹோமாவில் 1950-களின் நடுவே பிரென்டிஸ் காட் என்ற கறுப்பின மாணவரை அணியில் சேர்த்தார். ஐயோவா தளத்தில் கற்ற உத்தி, அங்கே மூடியிருந்த கதவு திறந்த பிறகும் வாழ்ந்தது.

பழைய ஏடு எழுதியது:

ஆட்டக்களம் அவர்கள் குறிப்பிட்ட டோனி பட்கோவிச்சைப் பற்றி இரண்டு வரி எழுத விரும்புகிறேன், ஏனெனில் அவர் பெயர் புள்ளிக்கணக்கோடு நின்றுவிடக் கூடாது. 1943-ல் பர்டூவுக்காக ஆடி, பிக் டென் கூட்டமைப்பில் அந்தப் பருவத்தின் அதிகப் புள்ளிகளை எடுத்தவர் அவர். பருவம் முடிவதற்கு முன்பே மரீன் படை அவரை அழைத்துக்கொண்டது. 1944-ல் கிளீவ்லண்ட் ராம்ஸ் என்ற தொழில்முறை அணி அவரை முதல் சுற்றிலேயே தேர்ந்தெடுத்தது. அந்த அணிக்காக அவர் ஓர் ஆட்டமும் ஆடவில்லை. 1945 ஏப்ரலில் ஒகினாவாவில் கொல்லப்பட்டார்.

ஐயோவாவுக்கு நைல் கின்னிக் இருக்கிறார். 1939-ல் ஐயோவா பல்கலைக்கழகத்துக்காக ஆடி ஹெய்ஸ்மன் கோப்பை வென்றவர், கடற்படை விமானியானவர். 1943 ஜூன் 2 அன்று லெக்சிங்டன் விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து பயிற்சிக்காகப் பறந்தபோது, வெனிசுவேலாவை அடுத்த கடலில் விமானம் விழுந்து இறந்தார். அப்போது வயது 24. அதே இலையுதிர் காலத்தில்தான் சீஹாக்ஸ் அணி, கின்னிக் ஆடிய அதே ஐயோவா மைதானத்தைத் தன் மைதானமாகக் கொண்டு இந்தப் பருவத்தை ஆடியது. அங்கே விமானியாகப் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்த ஒவ்வொரு மாணவருக்கும் அந்தச் செய்தி தெரிந்திருக்கும். 1972-ல் அந்த மைதானத்துக்குக் கின்னிக்கின் பெயர் சூட்டப்பட்டது.

கீழவாசல் எழுதியது:

நண்பர்கள் எழுதியதை எல்லாம் முழுமையாகப் படித்தேன். படைத்தள அணிகளை வரலாற்றிலிருந்து நீக்க வேண்டும் என்பது என் கருத்து அல்ல. நோட்ர டேமின் தோல்வியை நீக்க முடியாது என்று ஆட்டக்களம் சொன்னது சரியான வாதம். அந்த ஆட்டங்கள் நடந்தவை, எண்ணப்பட வேண்டியவை. ஆனால் தொழில்முறை ஆட்டக்காரர்கள் நிறைந்த அணியைக் கல்லூரி அணிகளோடு ஒரே வரிசையில் நிறுத்தி இரண்டாமிடம் என்று எண் கொடுப்பதை இன்னும் நான் ஏற்கவில்லை. ஆட்டங்களை எண்ணுவோம், இடங்களைத் தனியே வைப்போம். படைத்தளங்களுக்கென்று ஒரு தனி வரிசை இருந்திருந்தால் பர்டூவுக்கும் நியாயம் கிடைத்திருக்கும்.

வைகைக்கரை எழுதியது:

தனி வரிசை என்ற கீழவாசல் அவர்களின் யோசனையை எண்ணிப் பார்த்தேன். 1944-ஐ வைத்துச் சோதித்தால் அதன் பலமும் பலவீனமும் தெரியும். அந்த ஆண்டு டெக்சாஸில் உள்ள ராண்டால்ஃப் ஃபீல்டு விமானத்தளத்தின் அணி பன்னிரண்டு ஆட்டங்களிலும் வென்றது; பிட்ஸ்பர்க் தொழில்முறை அணியின் நட்சத்திரமான பில் டட்லி அதில் ஆடினார். இறுதிப் பட்டியலில் அதற்கு மூன்றாமிடம். மேரிலண்டின் பெயின்பிரிட்ஜ் கடற்படை நிலைய அணி ஆடிய பத்திலும் வென்று ஐந்தாமிடம். மேகரின் பயிற்சியில் சீஹாக்ஸ் பத்து வெற்றி, ஒரு தோல்வியோடு ஆறாமிடம். அந்த ஒரு தோல்வியும் மிச்சிகனிடம், 12–7 என்று. ராண்டால்ஃப் ஃபீல்டைத் தனி வரிசையில் வைப்பதை நானும் ஏற்பேன். அது ஆடியவற்றில் பல ஆட்டங்கள் மற்றப் படைத்தளங்களோடு ஆடியவை, அந்த அணியைக் கல்லூரிகளோடு ஒப்பிடும் சான்று குறைவு. ஆனால் 1943 சீஹாக்ஸ், ஒஹாயோ ஸ்டேட், மிசூரி, ஐயோவா, நோட்ர டேம் என்று பெரிய பல்கலைக்கழகங்களைத் தேடிப்போய் ஆடிய அணி. நோட்ர டேமிடம் தோற்ற அடுத்த ஆட்டத்திலேயே மினசோட்டாவை 32–0 என்று வென்ற அணி. அதைத் தனியே பிரித்தால் அந்த ஆண்டின் கல்லூரி வரிசையே பாதி வெறுமையாகிவிடும். ஆகவே அந்தந்த அணி எவரோடு ஆடியது என்பதைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். எல்லாப் படைத்தளங்களுக்கும் ஒரே விதியைப் பொருத்த முடியாது.

இந்த மன்றத்துக்காக நான் தொகுத்து வரும் அட்டவணையில், ஒவ்வோர் ஆட்டத்துக்கும் எதிரே புள்ளிகளோடு மேலும் ஒரு நிரலைச் சேர்க்கிறேன். அந்த நாளில் அணியில் இருந்தவர் எவர், உத்தரவு பெற்றுப் போனவர் எவர் என்பதை அதில் எழுதுவேன். பெர்டெல்லி இல்லாத நோட்ர டேமும், பட்கோவிச் போன பின் ஆடிய பர்டூவும் அதில் வேறு அணிகளாகத் தெரியும். ஃபாரட்டும் 1944-ல் ஐயோவாவில் இல்லை. ஃபுளோரிடாவின் ஜாக்சன்வில் கடற்படை விமானத்தளத்துக்கு அவரை மாற்றிவிட்டார்கள், அங்கே ஓர் அணியைப் பயிற்றுவித்தார். வில்கின்சன் என்டர்பிரைஸ் விமானந்தாங்கிக் கப்பலில் பணியாற்றினார். 1943-ல் ஒரே தளத்தில் கூடிய அந்தப் பயிற்சிக் குழுவுக்குச் சேர்ந்து கிடைத்தது அந்த ஒரு பருவம் மட்டுமே. அட்டவணையின் முதல் பகுதியை இந்த இழையிலேயே இடுகிறேன். பர்டூவின் ஒன்பது ஆட்டங்களைக் கீழவாசல் அவர்கள் சரிபார்த்துத் தந்தால் நன்றியுடையவனாவேன்.